வால்யூம் திருகும் கிட்டாரின் தொனியும்

கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் என்று எழுதியிருக்கும் திருகு சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே உள்ளது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் திருப்பும்போது ஒலியின் கனம், கூர்மை, மீட்டிய பின் நாதம் நிற்கும் நேரம், விரலின் அழுத்தத்துக்கு ஒலி இணங்கும் விதம் எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. பேஸ், மிடில், டிரிபிள் ஆகிய மூன்றும் தொனிக்கு, வால்யூம் அளவுக்கு என்று பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் பல ஆம்ப்களில் தொனியை அதிகம் புரட்டிப்போடுவது அந்த நான்காவது திருகுதான்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இது திருவிழாக் காலத்தில் நன்றாகவே வெளிப்படும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட ஊர், அதற்கும் வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை தோட்டக் கோயில்கள் நிறைந்த பகுதி இது. கோயில் மேடையிலோ கல்யாண விருந்திலோ வாசிக்கும் இசைக்குழுவின் கிட்டார்காரர், தாமான் வீட்டு அறையில் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாத அளவில் பயிற்சி செய்கிறார். அங்கே இனிமையாக இருந்த தொனியை அப்படியே குறித்துவைத்துக்கொண்டு, அதே திருகு நிலைகளோடு மேடை ஏறி வால்யூமை மட்டும் கூட்டுகிறார். கீழ்த்தந்திகள் குழம்பிப் பொங்குகின்றன, மேல்தந்திகள் காதைக் குத்துகின்றன, பாட்டின் நடுவே வரும் கிட்டார் இசை கீபோர்டுக்குள் காணாமல் போகிறது. ஆம்ப் பழுதாகவில்லை, கையும் மாறவில்லை. ஒலி அளவு மட்டுமே மாறியிருக்கிறது.

முதல் காரணம் காதிலேயே இருக்கிறது. மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். இன்று சர்வதேசத் தர அமைப்பு வைத்திருக்கும் சம உரப்பு வரைகோடுகள் அந்த வேலையின் தொடர்ச்சி. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், குழந்தையின் அழுகை எட்டும் இடத்தில், காது மிகக் கூர்மையாக இருக்கிறது. கீழே போகப் போக மந்தமாகிறது. அந்த மந்தம் ஒலி அளவைப் பொறுத்து மாறுவதுதான் இங்கே முக்கியம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் உரப்பை 100 ஹெர்ட்ஸ் ஒலி எட்ட வேண்டுமானால் அதற்கு 60 டெசிபலுக்கு மேல் தேவை. 80 டெசிபல் அளவில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

கிட்டாரின் ஆறாம் தந்தி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அறையில் மெல்ல வாசிக்கும்போது அந்தத் தந்தி மெலிந்து கேட்பதால் பேஸைக் கூட்டுகிறோம், மினுமினுப்பு போதாமல் டிரிபிளையும் கூட்டுகிறோம், நடுப்பகுதி மூக்கடைப்பாகத் தோன்றுவதால் மிடிலைக் குறைக்கிறோம். காதின் குறையை ஈடுகட்டிய திருத்தம் இது. ஒலி அளவு உயர்ந்ததும் அந்தக் குறை நீங்கிவிடுகிறது, திருத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது. மேடையில் பேஸ் பொங்குவதும் கிட்டார் மறைவதும் இதனால்தான். கிட்டாரின் பேச்சு நடுப்பகுதியில் இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டால் கீழே பேஸ் கிட்டாரும் டிரம்ஸும், மேலே சிம்பலும், இடையில் கீபோர்டும் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் ஆம்ப்பின் உள்ளே இருக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் சிறிய மின்னலையை முதற்கட்டம் பெரிதாக்குகிறது, இறுதிக்கட்டம் ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலை அதற்குத் தருகிறது. எந்தக் கட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலையின் உச்சி அந்த எல்லையைத் தொட்டால் மேலே வளர முடியாமல் மழுங்குகிறது. மழுங்கிய அலையில் மூல சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. கிட்டார்காரர்கள் டிஸ்டார்ஷன் என்றும் டிரைவ் என்றும் சொல்வது இதைத்தான்.

வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்களில் இந்த மழுங்கல் படிப்படியாக வருகிறது. மெல்ல மீட்டினால் தெளிவு, சற்று அழுத்தினால் ஓரத்தில் ஒரு சுரசுரப்பு, ஓங்கி அடித்தால் முழு உறுமல் என்று கைக்கேற்ப ஒலி மாறும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. உச்சி மழுங்குவதால் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. மீட்டிய வேகத்தின் முதல் அடி அடங்கி, பின்னால் தேயும் நாதம் மேலெழுந்து நிற்கிறது. மின்சாரத்தை ஒரே திசையில் பாயச் செய்யும் ரெக்டிஃபயரும் வால்வாகவே உள்ள ஆம்ப்களில் ஓங்கி அடிக்கும் கணத்தில் உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தமே சற்றுத் தாழ்ந்து மீள்கிறது. அந்தத் தளர்ச்சி விரலுக்குத் தெரியும். இவை எல்லாம் இறுதிக்கட்டம் உழைக்கும்போதுதான் நடக்கும். வால்யூம் 2-இல் இருக்கும் 100 வாட் ஆம்ப்பில் இறுதிக்கட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

மேடையில் பெரிய சத்தம் வேண்டும் என்ற தேவையே இந்த ஆம்ப்களை வளர்த்தது. இங்கிலாந்தின் டார்ட்ஃபர்டில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி-15 ஆம்ப், ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஷேடோஸ் குழுவுக்குப் போதவில்லை. அதன் ஆற்றலை இரட்டித்து ஏசி-30 பிறந்தது. அதே ஷேடோஸ் குழு கிளிஃப் ரிச்சர்டுடன் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது மலாயா எங்கும் கிட்டார் மோகம் பற்றிக்கொண்டது. பொப் யே யே இசையும், குகிரான் எனப்பட்ட கிட்டார் குழுக்களும் அந்த அலையில் வந்தவை. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் முன்னின்ற ஆலிகேட்ஸ் போன்ற குழுக்கள் தேசிய அளவில் புகழ்பெற்றதும் மின்கிட்டார் இந்த நாட்டு மேடைகளில் நிலைபெற்றுவிட்ட பின்புதான்.

ஏசி-30-இல் ஆற்றல் இரட்டித்தது என்றதால், வாட் கணக்கைப் பற்றிய ஒரு மயக்கத்தை இங்கே தீர்க்க வேண்டும். 30 வாட் ஆம்ப் 15 வாட் ஆம்ப்பைப்போல இருமடங்கு சத்தம் தராது. ஆற்றல் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும், அவ்வளவுதான். இருமடங்கு உரப்பாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்ப்பைவிட இருமடங்கு உரக்கக் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை தரக்கூடியவை. தாமான் வீட்டு அறைக்கு 5 வாட் வால்வு ஆம்ப்பே அதிகம் என்பதற்கு இதுவே காரணம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

திருகில் போட்டிருக்கும் எண்களையும் நம்ப வேண்டாம். பல ஆம்ப்களில் பாதி தூரம் திருப்புவதற்குள் தெளிவான ஒலியின் உச்ச அளவு வந்துவிடுகிறது. அதற்கு மேல் திருப்பினால் கூடுவது பெரும்பாலும் மழுங்கலும் இறுக்கமும்தான், சத்தம் கொஞ்சமே கூடும். வேறொரு நுட்பமும் உண்டு. சில ஆம்ப்களில் வால்யூம் திருகின் குறுக்கே பிரைட் கெப்பாசிட்டர் எனப்படும் சிறு உறுப்பு இருக்கும். வால்யூம் தாழ்ந்திருக்கும்போது அது மேல் அதிர்வெண்களை மட்டும் குறுக்கு வழியில் கடத்திவிடுகிறது. திருகைக் கூட்டக் கூட அதன் வேலை குறைந்து, முழுதாகத் திறந்தால் இல்லாமலே போகிறது. தாழ்ந்த அளவில் ஊசியாகக் குத்தும் ஆம்ப் உரக்க வைத்தால் தடித்து இனிப்பது இதனாலும்தான்.

இரவில் உறுமல் தொனி வேண்டும், ஆனால் வீடு அதிரக் கூடாது என்ற கோரிக்கைக்குப் பதிலாக வந்தது மாஸ்டர் வால்யூம். முதற்கட்டத்தைக் கெயின் திருகால் மழுங்கடித்து, வெளியேறும் அளவை மாஸ்டர் திருகால் அடக்கலாம். மார்ஷல் நிறுவனம் 1975-இல் இத்தகைய 100 வாட் ஆம்ப்பை வெளியிட்டது. சத்தம் அடங்கியது உண்மை. ஆனால் முதற்கட்டத்தின் மழுங்கலும் இறுதிக்கட்டத்தின் மழுங்கலும் ஒன்றல்ல. முதலாவது அடர்த்தியாக, வண்டு ரீங்காரம்போலக் கேட்கும். இரண்டாவதில் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து வேலை செய்வதால் ஒலி திறந்து, கைக்கு இணங்கி வரும். தாழ்ந்த மாஸ்டரில் கெயினை முழுதும் திறந்து வாசிப்பவருக்கு அறையில் கனமாகத் தோன்றும் ஒலி, மேடையில் சுரம் பிரியாத இரைச்சலாகிவிடும். ஒலி அளவு கூடும்போது கெயினைக் குறைப்பதே சரியான வழி.

டிரான்ஸிஸ்டர் ஆம்ப்களின் கதை வேறு. எல்லைக்குள் இருக்கும்வரை அவற்றின் தொனி அநேகமாக மாறாது, எல்லையைத் தாண்டினால் திடீரென்று கரடுமுரடாகும். 1975-இல் ரோலண்ட் வெளியிட்ட ஜேசி-120 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜாமிங் ஸ்டூடியோக்களில் அடிக்கடி தென்படும் இந்த ஆம்ப் மெல்ல வைத்தாலும் உரக்க வைத்தாலும் அதே கண்ணாடித் தெளிவோடு ஒலிக்கும். அதில் கேட்கும் மாற்றம் பெரும்பாலும் காதினுடையது.

கர்நாடக இசையை மின் தந்திவாத்தியத்தில் வாசிப்போருக்கு, மழுங்கலால் வரும் நாத நீட்சி வெறும் அலங்காரம் அல்ல. ஒரு மீட்டலில் எழுந்த ஒலி கமகம் முடியும்வரை நிற்க வேண்டும். மரபான மாண்டலினில் நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால்தான் உ. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கைக்கொண்டார். கிட்டாரில் அந்த வழியை நெடுந்தூரம் கொண்டுசென்றவர்களில் பிரசன்னா முக்கியமானவர். ஒலிபெருக்கம் போதாவிட்டால் கமகத்தின் பின்பாதி கேட்காமல் போகும். மழுங்கல் மிகுந்துவிட்டால் கமகத்தின் வளைவே குழம்பும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில்தான் ராகம் தெளிவாக நிற்கிறது. திரையிசை வாசிக்கும் மேடைக் கிட்டார்காரருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஸ்பீக்கரும் அளவுக்கேற்ப மாறும் பொருள்தான். மெல்ல வாசிக்கும்போது காகிதக் கூம்பு ஒரே தகடாக முன்னும் பின்னும் அசைகிறது. உரக்க வாசித்தால் அதன் பரப்பில் பகுதி பகுதியாக வேறு வேறு அதிர்வுகள் எழுந்து தொனிக்குச் சுரசுரப்பைக் கூட்டுகின்றன. உள்ளே இருக்கும் செம்புச் சுருள் சூடேறினால் அதன் மின்தடை உயர்கிறது. 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். அதனால் ஆம்ப் தரும் ஆற்றலின் ஒரு பகுதி ஒலியாக வராமலே போகிறது. கச்சேரியின் இரண்டாவது மணி நேரத்தில் ஒலி சற்று மந்தமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் திருகை மறந்துவிடக் கூடாது. அதைக் குறைத்தால் சத்தத்தோடு கூர்மையும் போய்விடுகிறது. திருகின் மின்தடையும் ஒயரின் மின்தேக்கமும் சேர்ந்து மேல் அதிர்வெண்களை வடிகட்டுவதே காரணம். ஒயர் நீளமானால் இழப்பும் கூடும். சாதாரண கிட்டார் ஒயரில் மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் அளவில் மின்தேக்கம் இருக்கும். வீட்டில் 3 மீட்டர் ஒயர் போட்டவர் அகலமான மேடையில் 10 மீட்டர் ஒயர் போட்டால் தொனி கம்முவது இதனால்தான். திருகின் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தால் இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கலாம். செலவு சில காசுகள்.

இனி இடம். தோட்ட மண்டபமும் கோயில் திடலும் ஒலிக்கு எதிரெதிர் குணமுள்ளவை. சிமெண்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர், தகரக் கூரை கொண்ட மண்டபத்தில் ஒலி எல்லாப் பக்கமும் மோதித் திரும்புகிறது. காலி மண்டபத்தில் சாயங்காலம் ஒலி சரிபார்க்கும்போது கேட்ட கூர்மை, கூட்டம் நிறைந்ததும் உடலும் உடையும் உறிஞ்சியதால் குறைந்துவிடும். அதனால் மாலையில் சற்றுக் கூர்மையாகத் தோன்றினால் கலவரப்பட வேண்டாம்.

திறந்த திடலில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 112 டெசிபல் தரும் 15 வாட் ஆம்ப் 32 மீட்டர் தள்ளி 82 டெசிபலாகத்தான் கேட்கும். பக்கத்தில் உறுமி மேளம் முழங்கும்போது அது எம்மாத்திரம்? அறைச் சுவர்கள் கொடுத்த பேஸ் ஆதரவும் திடலில் இல்லை. ஆகவே கிட்டார்காரர் மேலும் வால்யூமைக் கூட்டுகிறார், இறுதிக்கட்டம் எல்லை தாண்டுகிறது, தெளிவாக இருக்க வேண்டிய பாட்டுக்கும் உறுமல் தொனி வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் ஸ்பீக்கரின் திசை. 12 அங்குல ஸ்பீக்கர் 1000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்தே ஒலியை விளக்கு வெளிச்சம்போல் நேராகப் பாய்ச்சத் தொடங்குகிறது. தரையில் வைத்த ஆம்ப்பின் கூர்மை முழுதும் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது, காதுக்குப் போவதில்லை. கூர்மை போதவில்லை என்று அவர் டிரிபிளைக் கூட்ட, நேர் எதிரே 10 மீட்டரில் அமர்ந்திருப்பவர் காதைப் பொத்துகிறார். ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி வைத்தாலோ பின்பக்கம் சாய்த்து வைத்தாலோ இந்தத் தொல்லை தீரும். காசு செலவில்லாத திருத்தங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

சுற்றியிருக்கும் நிலமும் ஒலியைத் தேர்ந்தெடுத்தே விடுகிறது. கோல சிலாங்கூர் வட்டாரம் கடலோரச் சமவெளி. 1917-இல் ஃபிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை அமைத்ததும் இங்கே, பத்தாங் பெர்ஜுந்தை அருகே இருந்த தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனையின் அடர்ந்த இலைதழை மேல் அதிர்வெண்களைச் சிதறடித்து உறிஞ்சும், கீழ் அதிர்வெண்களைப் பெருமளவு விட்டுவிடும். இரவில் தரையருகே காற்று குளிர்ந்து மேலே வெப்பமாக இருந்தால் ஒலி வளைந்து தரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும். செம்பனை வரிசைகளுக்கு அப்பால் உள்ள லயத்து வீடுகளுக்குப் பாட்டு எட்டாமல் பேஸின் ‘தும் தும்’ மட்டும் எட்டுவது இப்படித்தான். தூக்கம் கெட்டவர்களின் முறையீடு பெரும்பாலும் பேஸைப் பற்றியே இருக்கும். மேடையில் அதைக் குறைத்தால் கிட்டாரும் தெளியும், அக்கம்பக்கமும் அமைதியாகும்.

திடலில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருவதும் உண்டு. விளக்குகளும் கூட்டத்துக்கான ஒலிபெருக்கிகளான பி.ஏ. சிஸ்டமும் ஒரே ஜெனரேட்டரில் தொங்கினால் 230 வோல்ட் தாழலாம். மின்னழுத்தம் 10 விழுக்காடு தாழ்ந்தால் வால்வு ஆம்ப்பின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சத்தத்தில் அது 1 டெசிபல்தான், ஆனால் மழுங்கல் முன்னதாகவே தொடங்கி, ஒலி தளர்ந்துவிடும். கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் இதே விளைவை விரும்பி, மின்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து மார்ஷல் ஆம்ப்பை வாசித்தார். தெளிவான ஒலி தேவைப்படும் தோட்ட மேடைக்கு அது உதவாது. எர்த் சரியில்லாத ஜெனரேட்டரில் கிட்டார் தந்தியைப் பிடித்தபடி மைக்கை உதட்டில் வைப்பது உயிருக்கே ஆபத்து. தொனிக்கு முன் அதைச் சோதித்துவிட வேண்டும்.

உரத்த ஒலி கேட்பவரின் காதையும் மாற்றுகிறது. தொடர்ந்து உரக்கக் கேட்டால் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் காது தற்காலிகமாக மந்தமாகிறது. இரவு ஏறும்போது வாசிப்பவருக்கு ஒலி மங்கலாகத் தோன்ற, டிரிபிள் திருகு ஏறிக்கொண்டே போகும். அடிக்கடி நேர்ந்தால் அந்த மந்தம் நிரந்தரமாகும். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வேலையிட ஒலி விதிகள் நாள் ஒன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்கின்படி 100 டெசிபலில் 15 நிமிடமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மூன்று மணி நேரக் கச்சேரிக்குக் காதடைப்பான் போடுவது கோழைத்தனம் அல்ல.

உழைக்கும் ஆம்ப்பின் தொனியைக் குறைந்த சத்தத்திலேயே பெற இன்று வழிகள் உள்ளன. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் வைத்தால் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். ஆனால் மிகவும் அடக்கினால் ஸ்பீக்கரின் பங்கும் காதின் பங்கும் இல்லாமல் போவதால் தொனி தட்டையாகும். ஆம்ப்பின் ஒலியைப் போலச்செய்யும் டிஜிட்டல் மாடலர் கருவிகள் எந்த அளவிலும் அதே மழுங்கலைத் தரும். அவற்றை வாங்கியோர் ஹெட்ஃபோனில் அமைத்த தொனியோடு மேடை ஏறி ஏமாறுவதற்குக் காரணம், மேலே சொன்ன காதுக் கணக்கு கருவிக்குத் தெரியாது என்பதே.

கோயில் திடலுக்கும் மண்டபத்துக்கும் பி.ஏ. சிஸ்டம் எப்படியும் வருகிறது. அப்படியிருக்க 15 அல்லது 20 வாட் வால்வு ஆம்ப்பை அது நன்றாக ஒலிக்கும் அளவில் வைத்து, ஸ்பீக்கர் முன் ஒரு மைக் வைத்து, கூட்டத்துக்கு எட்டும் வேலையை பி.ஏ. சிஸ்டத்திடம் விட்டுவிடுவதே நல்லது. மைக்கைக் கூம்பின் நடுவுக்கு நேரே வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் கனம். தொனியை மேடையிலேயே, குழு முழுதும் வாசிக்கும்போது, கச்சேரி அளவிலேயே அமைக்க வேண்டும்: பேஸும் கெயினும் வீட்டில் வைத்ததைவிடக் குறைவு, மிடில் அதிகம். தனியாகக் கேட்டால் அந்தத் தொனி கொஞ்சம் கரடாகத்தான் இருக்கும், குழுவோடு சேர்ந்தால் சரியாக வரும். 100 வாட் ஆம்ப்பைச் சுமந்து வந்து வால்யூமை 2-இல் வைத்து வாசிப்பது முதுகுவலிக்கே உதவும்.